நீல நாக்குகள்

என் மகன் நாவல்பழம் தின்றுவிட்டு வந்து நாக்கை நீட்டினால், இன்றும் அவன் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பேன். பழம்தான் என்று தெரியும். இருந்தாலும் கழுவினாயா, கொட்டையை விழுங்கினாயா, வேறு எதையாவது வாயில் போட்டாயா என்று துளைத்துவிடுவேன். இது என் சுபாவமாகவே இருக்கலாம். ஆனால் பாதிப் பழி என் மாமாவைச் சேரும் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் தம்பியான அவர் அப்போது எங்கள் வீட்டில் தங்கி, உத்திரமேரூர்ப் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை என்றால் ஆடுமாடுகளுக்கு உயிர். அதனால் மாவில் மயில்துத்தத்தைப் பொடி செய்து கலப்பார்கள். நீல நிற விஷம் அது. ஒருமுறை வாய் வைத்த ஆடு மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம் வராது. ஆனால் அந்த மாதம் மாமாவின் போஸ்டர்களை மட்டும் ஆடுகள் விடாமல் தின்றன. ஏரிக்கரைச் சுவரில் கதாநாயகனின் மீசைதான் மிஞ்சியது. விசாரிக்க ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருவதாக டாக்கீஸ் மேனேஜர் சொல்லியனுப்பினார். எந்த வேலையிலும் ஓர் அறுவடைக்கு மேல் நின்றறியாத மாமா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வரட்டும். நல்லதா எதுனா செஞ்சி குடுத்தா கோவம் எறங்கும்" என்றாள் அம்மா.

மாதர் சங்கத்துக்கு வந்த டீச்சர் ஒரு பண்டம் செய்து காட்டியிருந்தாராம். பழத்தை அடியில் போட்டு, மாவை மேலே ஊற்றி, தணலில் வேகவைப்பது. காப்ளர் என்று பெயர் சொன்னாராம். அம்மா அதைக் கேக் என்றே வைத்துக்கொண்டாள்.

மைதா வாங்க நான் போனேன். கடைக்கார பாய், "இன்னா பாப்பா, படம் மாத்துறாங்களா?" என்றார். எங்கள் ஊரில் மைதா போஸ்டருக்குத்தான்.

"துன்றதுக்கு பாய்."

"துன்றதுக்கா?" என்றவர், ஒரு கை மாவு கூடப் போட்டுக் கட்டினார். வீட்டில் கஷ்டம் என்று நினைத்திருக்க வேண்டும்.

நாவல்பழத்தைக் கொட்டை நீக்கிச் சர்க்கரை போட்டுப் பிசைந்தோம். மைதா, வெண்ணெய், பால், ஒரு சிட்டிகை சோடா உப்பு. சட்டியில் மணல் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் அலுமினியத் தட்டை இறக்கி, மேலே இரும்புத் தட்டு மூடி, அதன்மேல் தணல். நிமிடத்துக்கொரு தரம் திறந்து பார்த்தாள் அம்மா. திறந்தால் வேகாது என்று டீச்சர் சொன்னதையும் அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் சைக்கிளில் கோபமாகத்தான் வந்து இறங்கினார். முதல் துண்டில் கோபம் பாதி குறைந்தது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் எனக்கும் கொடுத்துவிட்டு, அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "எப்டி கீது? இனிப்பு போதுமா? புளிக்குதா?"

அப்பா, "கீது" என்றார். மாமா தலையாட்டினார். மேனேஜர் தட்டை நீட்ட, மிச்சத்தை வழித்து வைத்தாள்.

"சரி, இந்த வாட்டி பாக்கறேன்" என்று மாமாவிடம் சொன்ன மேனேஜர், அம்மா பக்கம் திரும்பினார். "மைதாவுல இப்டிகூட செய்யலாமா? எங்க வாங்கனீங்கம்மா?"

"பாய் கடைலதாண்ணே. கொஞ்சம் பத்தல. தம்பியோட போஸ்டர் மாவு டின்னுலேர்ந்து ரெண்டு கை போட்டுக்கினேன்."

மேனேஜரின் கை வாயருகே நின்றது. "டேய்! அதுல துத்தம் கலந்துகீதா, இல்லியா?"

மாமா விழித்தார். இல்லை என்று சொன்னால் வேலை போய்விடும். "கலந்துகீது சார்" என்றார். பிறகு, "நெறயவே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நாக்க நீட்டுங்க!" என்று கத்தினார் அப்பா. நீட்டினோம். எல்லா நாக்கும் நீலம். நாவலின் நீலமா துத்தத்தின் நீலமா என்று யாரால் சொல்ல முடியும்? அம்மாவின் நாக்கு மட்டும் செக்கச்செவேல் என்றிருந்தது.

"நீங்க துன்னலியா?" என்று மேனேஜர் ஒருமாதிரியாகக் கேட்டார்.

"பசியில்லண்ணே" என்றாள் அம்மா. எனக்குமே சந்தேகம் வந்தது.

பிறகு ஆளுக்கொரு சொம்பு உப்புத் தண்ணீர். கொல்லையில் முருங்கை மரத்தை மேனேஜர் பிடித்துக்கொண்டார், வேலியை அப்பா. மாமாவும் சொம்பை வாங்கிக் குடித்து, கடமை தவறாமல் வாந்தி எடுத்தார். அம்மா என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு அழுதாள்.

அப்பா மாட்டு வண்டியைப் பூட்டினார். "ஆஸ்பத்திரில வாய் வழியா டியூப் வுட்டு எடுப்பாங்க."

டியூப் என்றதும் மாமா மேனேஜரின் காலில் விழுந்தார். "துத்தமே கலக்கல சார். இந்த மாசம் பூரா கலக்கல."

"அதுக்குக் குடுத்த காசு?"

"காஞ்சிபுரம் போயி படம் பாத்துட்டேன் சார்."

மேனேஜர் வாயைத் துடைத்துக்கொண்டார். "வேற தியேட்டர்லயாடா?" என்றார். பிறகு, சாகப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்ததுபோல் சிரிக்க ஆரம்பித்தார். மாமாவின் வேலை போகவில்லை. மறுநாளிலிருந்து மேனேஜரின் கண்ணெதிரே துத்தம் கலக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் காலித் தட்டைத் தேய்த்துக்கொண்டே அம்மா என்னைக் கேட்டாள்: "நெசமா சொல்லு. எப்டி இருந்துச்சி? புளிப்பு தூக்கலா, இனிப்பு தூக்கலா?"

"எத்தினி வாட்டிம்மா கேப்ப? நல்லாதான் இருந்துச்சி" என்று எரிந்து விழுந்தேன். பாராட்டுக்கு அலைகிறாள் என்று நினைத்தேன்.

அந்தச் சிவந்த நாக்கை நானும்தான் பார்த்திருந்தேன். ஆனாலும், ருசி தெரியாமல்தான் அவள் கேட்கிறாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.