நெவேனா ஓட்டிய வண்டி

நெவேனாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ரூசே நகரத்தில் அவளோடு மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் மெல்லப் பேச ஆரம்பித்தாளென்றால் பணிமனை மேலாளரே ஏதோ அவசர வேலை வந்ததுபோல எழுந்து வெளியே போய்விடுவார். அவள் கணவன் ஓக்னியானுக்கு மட்டும் இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அது பிடிபடவில்லை.

அவர்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற வெளிர்நீல மாஸ்க்விச் கார் நெவேனாவின் அப்பா வாங்கியது. பேர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. அவர் போன பிறகு அவள் பேருக்கு வந்தது. ஆனால் ஊர் வாயில் அது 'ஓக்னியானின் மாஸ்க்விச்'. அவன்தான் பழைய கார் சங்கத்தில் உறுப்பினன். ஞாயிற்றுக்கிழமைகளில் டான்யூப் கரையோரம் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் என்ஜினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அந்தச் சங்கம்தான் பயணத்துக்குத் திட்டம் போட்டது. ரூசேயிலிருந்து கிளம்பி, ஐரோப்பாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்து, போர்ச்சுகலின் ரோக்கா முனையில் அட்லாண்டிக் கடலைப் பார்ப்பது. ஆறு பழைய கார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கணவன், ஒரு மனைவி.

செர்பியாவைத் தாண்டுவதற்குள்ளேயே ஓக்னியான் முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஸ்டெப்னி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டப் போனதில் வந்த வினை. இடுப்புக்குத் தலையணை வைத்து அவனைப் பக்கத்து இருக்கையில் சாய்த்துவிட்டு, நெவேனா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அப்போது பிடித்ததுதான். குரோஷியா, ஸ்லோவேனியா, இத்தாலி என்று நாடுகள் போய்க்கொண்டே இருந்தன. ஓக்னியானின் முதுகு சரியாகவில்லை.

ஆனால் ஏதாவது ஊர் வந்தால் மட்டும் அவனுக்கு உயிர் வந்துவிடும்.

"நெவேனா, கொஞ்சம் ஓரமா நிறுத்து. நான் உக்காந்துக்கறேன்."

"எதுக்கு? நிமிரவே முடியலங்கறே."

"ஊருக்குள்ள நம்ம ஆளுங்க எல்லாம் வண்டிய வரிசையா நிறுத்துவாங்க. போட்டோ எடுப்பாங்க. நான் இந்தப் பக்கம் தலையணைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை, பாவம், ஆம்பளைக்கு இது ஒரு குறையாகத்தான் தெரியும் என்று இறங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஊர் எல்லையில் அவன் ஓட்டுநர், ஊர் தாண்டியதும் நோயாளி.

இத்தாலியிலிருந்து பிரான்சுக்குப் போகும் மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்குமோ என்று பயந்தார்கள். ஏற்றம் ஒன்றும் செய்யவில்லை, இறக்கம்தான் உயிரை வாங்கியது. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் மூட்டம். பிரேக் சூடேறி வாடை அடித்தது. நெவேனா கியரைக் குறைத்து, என்ஜினின் இழுப்பிலேயே வண்டியைக் கட்டி, அங்குலம் அங்குலமாக இறக்கினாள். பக்கத்தில் ஓக்னியான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வருடத்துக்கு ஒரு முறைகூடக் கூப்பிடாத புனிதர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வளைவு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சா சொல்றேன். அதுவரைக்கும் வாயையும் சேத்து மூடிக்க."

கீழே வந்து நிறுத்தியபோது அவள் கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த மற்ற கார்க்காரர்கள் இறங்கி வந்து அவள் தோளைத் தட்டினார்கள். "அண்ணி, நீங்க போன தடத்துலயே நாங்களும் வந்துட்டோம்," என்றார் சங்கத் தலைவர் பானயோத். எல்லோரும் பார்த்ததுதான். ஒருவர் பாக்கியில்லை.

ரோக்கா முனையில் கடல் தெரிந்ததும் ஓக்னியான் இடம் மாற்றிக்கொண்டான். பானயோத் கேமராவோடு நிற்க, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே வந்து நிறுத்தினான். திரும்பி வரும் வழியெல்லாம் மறுபடி நெவேனாதான் ஓட்டினாள்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு, இலையுதிர் காலத்தில் சங்கம் விருந்து வைத்தது. சுட்ட மிளகாய், வெள்ளைப் பாலாடைக்கட்டி, பழத்தில் வடித்த ரக்கியா மது என்று மேஜை நிறைந்திருந்தது. பானயோத் ஒவ்வொரு ஆணாகப் பேர் சொல்லி அழைத்து, 'கண்டம் கடந்த ஓட்டுநர்' என்று பொறித்த கேடயம் கொடுத்தார். பிறகு பெண்களை அழைத்தார். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு சமையல் மேலங்கி. மார்பில் பழைய கார் படம், அதற்குக் கீழே 'எங்கள் இனிய துணைக்கு' என்று தையல்.

நெவேனா அந்த மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஓக்னியான் ஆரம்பித்தான்.

"அந்த மலை இறக்கம் இருக்கே, அத சொன்னா நம்பமாட்டீங்க. மழை, மூட்டம், பிரேக் வேற போயிருச்சு. நான் பதறல. கியரப் போட்டேன், அப்படியே கட்டிப் புடிச்சேன்..."

"நீ கண்ண மூடிக்கிட்டு இருந்தே," என்றாள் நெவேனா.

தாழ்ந்த குரல்தான். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"பெண்டாட்டின்னா இப்படித்தான் இருக்கணும்! புருஷன் தலைக்கு மேல ஏறாம பாத்துக்குறாங்க!" என்று பானயோத் கோப்பையை உயர்த்தினார். "நம்ம பெண்களுக்காக!"

பொய்யென்று மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் சொன்ன உண்மையை நகைச்சுவையாக்கிக் குடித்துவிட்டார்கள். மலையடிவாரத்தில் தோளைத் தட்டிய அதே ஆட்கள். அவள் எதிரே உட்கார்ந்திருந்த ரூமியானாவைப் பார்த்தாள். ரூமியானாவும் சங்கத்துக்காரர் ஒருவரின் மனைவி, பயணம் முழுக்கக் கூடவே வந்தவள். ரூமியானா தட்டைப் பார்த்தாள்.

கை கழுவும் இடத்துக்கு ரூமியானா பின்னாலேயே வந்தாள்.

"விடுடி. ஒரு துண்டு தகரம். அதுங்க வெச்சுக்கட்டும்."

"உனக்குத் தெரியும்ல யாரு ஓட்டினதுன்னு? வாயத் திறந்து சொன்னா என்ன?"

ரூமியானா கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தாள். "ஸ்பெயின் முழுக்க எங்க வண்டிய நான்தான் ஓட்டினேன். அவருக்கு வெயில் ஆகாது. அத யாரு கேட்டா?"

"நீ ஏன் சொல்லல?"

"நீ ஏன் ஒவ்வொரு ஊர்லயும் இறங்கிக் கொடுத்தே?"

அந்தக் கேள்வியில் நெவேனாவின் கோபம் இரட்டிப்பானது. கூடத்துக்குத் திரும்பி வந்து, பேசிக்கொண்டிருந்த ஓக்னியானின் கோட்டுப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். மேலங்கியை அவன் தோளில் போட்டாள். "நடந்து வா. முதுகுக்கு நல்லது," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பானயோத் பூங்கொத்தோடு வந்தார்.

"அண்ணி, ஒரு தமாஷுக்குப் போயி..."

"கேடயத்துல என் பேரப் போடுங்க. அதே கூடத்துல, அதே ஆளுங்க முன்னாடி படிங்க. ரூமியானா பேரையும்."

"பொறிச்சாச்சே அண்ணி. ஓக்னியான் மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?"

"அவன் மனச நான் செர்பியாவுலேருந்து போர்ச்சுகல் வரைக்கும் சுமந்திருக்கேன். போதும்."

பூங்கொத்தைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பினாள். சங்கத்தின் வசந்தகால அணிவகுப்புக்கு மாஸ்க்விச்சைக் கேட்டு ஆள்மேல் ஆள் வந்தது. வண்டி என் பேரில் இருக்கிறது, வராது என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். ஓக்னியான் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். ஒருநாள் சூப்பைக் கலக்கிக்கொண்டே, "சரி, நீதான் ஓட்டினே. இப்ப என்ன?" என்றான்.

"இத அங்க போயி சொல்லு."

அவன் போகவில்லை.

அடுத்த ஜூன் மாதம் நெவேனா கொட்டகையைத் திறந்து, எண்ணெய் மாற்றி, பெல்ட்டைப் பார்த்து, பின்னிருக்கையில் கூடார மூட்டையைக் கட்டி வைத்தாள். ரூமியானா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா ஒரு தட்டு நிறையத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டில் என்ன சொன்னாள் என்று நெவேனா கேட்கவில்லை. ருமேனியா, ஹங்கேரி, போலந்து வழியாகப் பால்டிக் கடல் வரை இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். லிதுவேனியாவில் டயர் பஞ்சரானபோது ரூமியானா நட்டுக் கழற்றும் ஸ்பேனரில் ஏறி நின்று வாய்க்கு வந்தபடி திட்டியதில் ஒரு லாரிக்காரர் பயந்துபோய் உதவிக்கு வந்தார்.

கேடயம் இன்றும் சங்கத்துச் சுவரில் ஓக்னியான் பேரோடுதான் தொங்குகிறது. யாரும் மாற்றவில்லை. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் நெவேனா தலையைத் திருப்பிக்கொள்வதில்லை. ஜன்னல் வழியே நேராகப் பார்ப்பாள். உள்ளே சீட்டாடிக்கொண்டிருப்பவர்கள்தான் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.