நான்கு பேருக்கு மேல் நுழைய முடியாத தீவுக் கோயில்

இந்தக் கோயிலுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மட்டும் போய்விடாதீர்கள், நான் பட்ட பாடு போதும்.

போன தை இரண்டாம் செவ்வாய். பட்டாசுக் கம்பெனியில் கை வெந்த என் தங்கை மகனுக்குக் குணமானால் மாவிளக்கு ஏற்றுவதாக வேண்டியிருந்தேன். புதன்கிழமை அவன் திரும்ப வேலைக்குப் போகிறான். அதற்குள் ஏற்றியாக வேண்டும்.

விருதுநகரில் 9.40க்குப் பேருந்து; அதை விட்டுவிட்டு நான் ஒரு மணி நேரம் கழித்து அடுத்ததில்தான் போனேன். ஆமத்தூரில் இறங்கி ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய். கண்மாய் நிறைந்தால் அந்த ஊரைச் சுற்றித் தண்ணீர்தான். 'தீவு' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். இருபதே வீடுகள். முழங்கால் தண்ணீரில் இருநூறு அடி நடக்க வேண்டும்.

"தண்ணிக்குப் பயப்படாதீக. பூசாரிக்குத்தான் பயப்படணும்" என்றார் ஆட்டோக்காரர்.

பூசாரி இருபது வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்தவர். வேலையை விட்டார், அங்குள்ள பாதுகாப்புச் சட்டங்களை விடவில்லை. பட்டாசு அறை வாசலில் இருப்பதுபோலவே கோயில் வாசலிலும் செம்புத் தகடு அடித்திருக்கிறார். துணி உரசி உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பருத்தித் துணி மட்டும். பட்டாசு அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற கணக்கு அம்மன் சன்னதிக்கும் உண்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது 11.35. பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்.

"பட்டுக் கட்டி வந்திருக்கீக. உரசினா பொறி வரும். உள்ள விட முடியாது."

"அம்மனுக்கே பட்டுத்தான சாத்தியிருக்கீக?"

"அவ அசையாம உக்காந்திருக்கா. நீங்க அப்படியா?"

எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்று சிரித்தாள். "இங்கன வாங்கக்கா. வாரவுகளுக்குக் குடுக்கன்னே ஒரு நூல்சேலை வச்சிருக்கேன்."

மாற்றிக்கொண்டு ஓடினேன். தகட்டைத் தொட்டேன். உள்ளே மூன்று பெண்கள், நான் நான்காவது. பூசாரி வாசற்படியிலேயே நின்றார்.

"நீங்க வரலையா?"

"நான் வந்தா அஞ்சாயிரும். நீங்களே ஏத்துங்க தாயி."

11.52க்கு விளக்கேற்றினேன். அவர் வெளியே நின்றபடி மணியடித்தார். அம்மன் குறை வைக்கவில்லை.

போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். வெள்ளி, செவ்வாய் மட்டும்தான் நடை திறப்பு. திரும்பும் பேருந்து 1.15க்கு. தீப்பெட்டி கொண்டுபோகாதீர்கள், அவரே எண்ணி ஒரு குச்சி தருவார்.

வீட்டில் வந்து சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தங்கை மகன் மட்டும் சிரிக்கவில்லை, மறுநாளைக்குச் சட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது. கை வெந்த அன்று கம்பெனியில் அந்தப் பட்டாசு அறையில் தன்னோடு சேர்த்து ஆறு பேர் உட்கார்ந்திருந்ததாக அவன் ஆஸ்பத்திரியில் சொன்னான்.