அர்ஜுனனுக்கு வந்த ஹேர் டிரையர்

கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்தில், உண்ணாமலை வீட்டில் என்ன பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும். அவள் புருஷன் அர்ஜுனன் இருபத்திரண்டு வருஷம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். அந்த மிஷின் சத்தத்தில் காது போய்விட்டது. "சாப்பிட வாங்க" என்று அவள் அவரைக் கூப்பிட்டால் மூன்று வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் இன்றைக்குச் சாப்பாடு தயார் என்று தெரிந்துவிடும்.

அரசு முகாமில் காது மிஷின் ஒன்று கொடுத்தார்கள். காதுக்குள்ளே விசில் அடிக்கிறது என்று சொல்லி அதைப் பீரோவில் வைத்துவிட்டார். ஆனால் சாயங்காலமானால் அவருக்கு டிவி வேண்டும், அதுவும் முழுச் சத்தத்தில். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளின் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஜோதியம்மாள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இங்கே டிவி போட்டதும் அங்கே ஜன்னலைச் சாத்துவாள், அவ்வளவுதான். அவள் வந்து ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட உண்ணாமலைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உண்ணாமலை பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அங்கே வேலை செய்யும் கீர்த்தனா டீச்சர்தான், டிவியோடு சேர்க்கிற ஒயர் இல்லாத ஹெட்போன் இருக்கிறதென்று சொன்னது. காதில் மாட்டிக்கொண்டால் மாட்டினவருக்கு மட்டும் கேட்குமாம். உண்ணாமலை அன்று மதியமே, பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகள் கழுவி முடித்ததும், தன் போனில் தானே ஆர்டர் போட்டாள். யாரிடமும் உதவி கேட்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது வெள்ளை நிறத்தில் ஒரு ஹேர் டிரையர். அர்ஜுனனுக்குக் காதோரம் மட்டும்தான் முடி. அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளக்கைச் சொருகி, வாய்ப்பக்கத்தைக் காதுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"சூடா காத்துதான் வருது. பாட்டு எப்ப வரும்?" என்றார்.

உண்ணாமலைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று போனில் போட்டிருந்தது. பட்டனை அமுக்கினாள். ஏன் என்று கேட்டு வரிசையாகக் காரணங்கள் வந்தன. முதலில் இருந்ததைத் தொட்டாள். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. வியாழக்கிழமை பௌர்ணமி.

அன்றைக்கு மதியமே பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டு வந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். கிரிவலம் போகிற கூட்டம் வீட்டை உரசிக்கொண்டு போயிற்று. ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. சாயங்காலம் போனில் தகவல் வந்தது: 'எங்கள் ஊழியர் வந்தார். வீடு பூட்டியிருந்தது.' வெள்ளிக்கிழமையும் அதே கூட்டம், அதே தகவல். சனிக்கிழமை தெரு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் வரவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். பாட்டுக் கேட்டு, நம்பர் அமுக்கி, காத்திருந்து, கதையை முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விடும். திரும்பப் போட்டால் வேறு ஒரு ஆள். திரும்ப முதலிலிருந்து. நாலாவதாக வந்தது சினேகா என்ற பெண். அதற்குள் உண்ணாமலை முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகியிருந்தாள்.

"நீங்க வீட்ல இல்லன்னு வருது மேடம்."

"நான் வாசல்லயேதாம்மா இருந்தேன். ஊரு ஜனமெல்லாம் பார்த்துக்கிட்டே போச்சு. சரி, நீ சொன்னா சொன்னதுதான். சாப்பிட்டியா நீ?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் சினேகா. மேடம் என்ற வார்த்தை அதோடு போயிற்று. ஆனால் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திங்கட்கிழமை உண்ணாமலை லீவு சொல்லிவிட்டு, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து, பார்சல்கள் வந்து இறங்குகிற குடோனைக் கண்டுபிடித்தாள். அவர்கள் ஏரியாவுக்கு வருகிற சரவணகுமார் பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"இங்க வாங்கக் கூடாதுக்கா. உங்க வீட்டு வாசல்ல நின்னுதான் வாங்கணும். நான் எங்க நிக்கிறேன்னு போன்ல காட்டும்" என்றான்.

"அவ்ளோதானே? வா, வீட்டுக்குப் போலாம்" என்று அவள் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வழியில் பதினோரு வீட்டில் பார்சல் கொடுத்தான். ஒவ்வொரு இடத்திலும் அவள் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது வீட்டுக்குப் பிறகு அவனே சொன்னான்.

"பௌர்ணமிக்குப் போலீஸ் வண்டிய உள்ள விடலக்கா. போகலன்னு போட்டா எனக்கு மார்க் கம்மியாகும். அதான் வீடு பூட்டியிருந்துச்சுன்னு போட்டேன்."

"சனிக்கிழமை?"

"அன்னிக்கு லோடு ஜாஸ்தி."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா. நான் இன்னா உன்னக் கடிச்சா துப்பிடுவேன்?"

அவன் அடுத்த வேகத்தடையில் மட்டும் ரொம்ப மெதுவாக ஏற்றி இறக்கினான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தவன், போனையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அக்கா, இதுல ஹெட்போன்னு இருக்குது. நீங்க ஹேர் டிரையர் குடுக்கறீங்க. பொருள் மாறியிருந்தா எடுக்கக் கூடாது."

"மாறினதாலதானே எடுத்துட்டுப் போன்னு சொல்றேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இன்னாவாம்?" என்று அர்ஜுனன் உள்ளேயிருந்து கேட்டார். உண்ணாமலை கத்திச் சொன்னாள். அவர் வெளியே வந்து சரவணகுமாரைப் பார்த்து, "முதல்ல அந்தப் பையனுக்குச் சாப்பாடு போடு" என்றார்.

சாதமும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே சரவணகுமார் அவள் போனை வாங்கிப் பார்த்தான். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் தொட்ட முதல் காரணம் 'பொருள் பிடிக்கவில்லை'. 'வேறு பொருள் வந்துள்ளது' என்பது வரிசையில் ஏழாவதாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பழையதை ரத்து செய்தான். பெட்டியையும் டிரையரையும் போட்டோ எடுத்து, ஏழாவது காரணத்தைத் தொட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான்.

"நாளைக்குதான் கடைசி நாள். எனக்குத்தான் வரும். நானே வரேங்க்கா."

மறுநாள் உண்ணாமலை பள்ளிக்கூடம் போயாக வேண்டும். அர்ஜுனனுக்குக் கூப்பிட்டால் கேட்காது. அதனால் காலை எட்டு மணிக்கே அவர் வாசலில் நாற்காலி போட்டு, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லையாம். ஒன்பதரைக்கு சரவணகுமார் வந்து வாங்கிக்கொண்டு போனதை, சாயங்காலம் அவளிடம் மூன்று தடவை சொன்னார்.

அடுத்த வாரம் ஹெட்போன் வந்தது. கறுப்பு நிறம், ஆர்டர் போட்டது எதுவோ அதுவே. கீர்த்தனா டீச்சர் வந்து டிவியோடு சேர்த்துக் கொடுத்தாள். அர்ஜுனன் மாட்டிக்கொண்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தார். வீட்டில் சத்தமே இல்லை. டிவியில் வாய்கள் மட்டும் அசைந்தன. அவர் கண்ணை அகல விரித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ரொம்ப நேரம் கழித்து அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மே, இவ அவனுக்கு அக்காவா? ரெண்டு வருஷமா நான் பொண்டாட்டின்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்."

உண்ணாமலை விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அவர் குரலைத் தணித்தார். இப்போது டிவி அவளுக்குத்தான் கேட்கவில்லை. முறத்தில் இருந்த வேர்க்கடலையோடு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். டிவியில் அந்த அக்கா ஏதோ சொல்லிவிட்டு அழுதாள். உண்ணாமலை அவர் முழங்கையைத் தொட்டு, இன்னா சொல்றா என்று கையால் கேட்டாள்.

"இரு, சொல்றேன்" என்று அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.