வள்ளத்தில் உறங்கிய ஏசு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் சுவரில் தொங்கிய ஜப்பான் படத்தை வருகிறவர்களுக்கு விளக்கும் பொறுப்பு என்னுடையது. சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்துத் திரும்பிய மாமா கொண்டுவந்த படம் அது. விரல்களை விரித்ததுபோல் நுரை சிதறும் பெரிய நீல அலை. அதனடியில் மூன்று வள்ளங்கள். உள்ளே குனிந்து கிடக்கும் ஆட்கள். சிங்கப்பூரில் முடிதிருத்தும் கடையில்கூட இது தொங்கும் என்று மாமா சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் ஊரான கொல்லயிலில் சபையாருக்குக் கடலும் வள்ளமும் என்றால் வேதாகமம்தான். ஜெபத்துக்கு வந்தவர்கள் படத்தில் ஏசுவைத் தேடினார்கள். வேதத்தில் உள்ளபடி அவர் வள்ளத்தில் படுத்து உறங்குகிறார், அதனால்தான் தெரியவில்லை என்று உபதேசியார் தீர்த்துவைத்தார்.

மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளை வைத்துத் தேய்த்தெடுத்த அச்சு அது என்றும், ஜப்பானில் சாமானியர்கள் மலிவாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட படம் என்றும் கல்லூரி நூலகத்தில்தான் படித்தேன். இப்போது அதே அலையைத் துணிக்கடை நாள்காட்டியிலும் பார்க்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், எங்கள் தாலுகாவை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்தது. மாமா சுவரொட்டி ஒட்டினார், கூட்டங்களில் பேசினார். பிடிபட்டவர்கள் ஸ்டேஷனில் வாங்கிய அடியைப் பற்றி ஊரே தாழ்ந்த குரலில் பேசியது. ஒரு மத்தியானம் மாமா அடுக்களையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. ஒரு போலீஸ்காரர் மட்டும் மாமாவைத் தேடி உள்ளே வந்தார். வந்தவர் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதென்ன படம்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: "ஏசு கடலை அடக்குன படமாக்கும்."

"ஏசு எங்க மக்கா?"

"வள்ளத்துல உறங்குறாரு."

"இந்த அலையிலயா? நான் கோட்டுகால் கடப்புறத்துக்காரனாக்கும். இப்பிடி ஒண்ணு வந்தா எங்க ஆளுவ உறங்கமாட்டாவ!"

உரக்கச் சிரித்தார். பிறகு வள்ளங்களில் இருந்த தலைகளை விரல் வைத்து எண்ணினார். எண்ணிக்கை தவறி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"எந்தாடோ அவிடெ?" அங்கே என்ன என்று ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டார்.

"நோக்குகயாணு சாரே!"

பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அது உண்மைதான். எனக்கு ஒரே இளக்காரம். ஆளைத் தேட வந்த இடத்தில் படம் பார்க்கிறவர்; மூன்று வள்ளத்து ஆட்களை எண்ணத் தெரியாதவர். அடுக்களையின் பின்கதவு முனகியது எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை.

"அட, பின்னால ஒரு குட்டி மலையும் உண்டே," என்றார்.

அதற்குப் பிறகுதான் அடுக்களைக்குள் போனார். பாதி குடித்த கஞ்சி மட்டும் இருந்தது.

"இது ஆருக்குள்ளது?"

"எனக்குள்ளதாக்கும்," என்றாள் அம்மா.

தலையாட்டினார். போகும்போது அம்மாவிடம் மெதுவாக, "பின்கதவைச் சாத்துங்கம்மா. கோழி வெளிய போயிரும்," என்றார்.

எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. அவரைத் திருத்துவதற்காக நான் வாயைத் திறந்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஜீப் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.