சுபாஷிணி திருப்பி அனுப்பியவர்கள்

பதினான்கு நாடுகளின் எல்லைகளில் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஓர் இடத்திலும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. நாலரை வருஷம் சுற்றிவிட்டு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த மூன்றாம் நாள், பிறப்புச் சான்றிதழ் கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்டேன். அனுப்பியவள் என் பெரியம்மா மகள் சுபாஷிணி. அன்று காலை அவள் சுட்ட தோசையைத் தின்றுவிட்டு, அவள் வீட்டு மாடியறையிலிருந்துதான் கிளம்பிப் போயிருந்தேன்.

“அடையாள அட்டை நகல் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு வேணும்.”

“அக்கா, நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாது. அடுத்த ஆளு வாங்க.”

அவள் கவுண்டர் கண்ணாடியில் ‘பேனா கொண்டு வரவும்’ என்று மலையாளத்தில் ஒட்டியிருக்கும். அவளே எழுதி ஒட்டியது. உள்ளே ஒரு டப்பா நிறைய பேனா இருக்கும், ஒன்றும் வெளியே வராது. பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. பிறந்தவர், இறந்தவர் பெயரையெல்லாம் அவள் தட்டச்சு செய்வாள், அதிகாரி கையெழுத்துப் போடுவார். எத்தனை ஆயிரம் காகிதம் போயிருக்குமோ, ஒன்றிலும் அவள் பெயர் இருக்காது.

இந்தக் கண்டிப்பு வேலையில் வந்ததில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை ஜாதகத்தில் பிறந்த நேரம் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தவளே இவள்தான். அஜீஷ் அத்தான் வீட்டார் அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். “என்னையே ரெண்டு நடை நடக்க வெச்சவ, உன்னை விடுவாளா?” என்றார் அத்தான்.

அத்தான் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் மேற்பார்வையாளர். மூட்டைகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சிறிய நிரல் ஒன்று அங்கே உண்டு. எந்த அச்சு இயந்திரம், எத்தனை அங்குலம், எந்த மொழி என்பதையெல்லாம் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பைப் படித்து நிரலுக்குப் புரியவைப்பது இன்னொரு குட்டி மென்பொருள். அதை லைப்ரரி என்பார்கள். கிடங்குக் கணினியில் இருப்பது லினக்ஸ். லினக்ஸைத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களோடு தொகுத்து இலவசமாகத் தருகிறார்கள். அந்தத் தொகுப்பில் இந்த லைப்ரரி மட்டும் இல்லை. ஒவ்வொரு முறை கணினியைப் புதுப்பிக்கும்போதும் லேபிள் நின்றுவிடும், சுபாஷிணி போய்க் கையால் நிறுவிவிட்டு வருவாள்.

கலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச லினக்ஸ் வகுப்பு நடந்தபோது போய்க் கேட்டாள். “இதை ஏன் நீங்க சேர்க்கல?” வகுப்பெடுத்த பினு, காக்கநாட்டில் ஐ.டி. வேலை பார்ப்பவன், அந்தத் தொகுப்பின் தன்னார்வலர்களில் ஒருவன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், “சேச்சியே சேருங்களேன். புரோகிராம் எழுத ஆள் வரிசையா நிக்குது. பேப்பர் பார்க்கத்தான் ஆள் இல்லை.”

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து அந்த லைப்ரரியைப் பொதியாக்கினாள். எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும், அது நடக்க வேறு எவையெல்லாம் வேண்டும், ஒவ்வொரு கோப்பையும் எழுதியது யார், எந்த உரிமத்தில் தந்தார் என்று எல்லாவற்றையும் எழுதிக் கட்டுவதுதான் பொதி. அதில் ‘பராமரிப்பவர்’ என்று ஒரு வரி உண்டு. அங்கே அவள் பெயர் வரும். நான் வந்தபோது கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தது. ஞாயிறு மாலை ஐந்தரைக்குள் அதைப் பினு தொகுப்பில் ஏற்றிவிட்டால் புதிய வெளியீட்டில் சேரும். இல்லையென்றால் அடுத்த வெளியீட்டுக்கு இரண்டு வருஷம்.

பினு கடைசியாக ஒரு முறை சரிபார்த்தான். பொதியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஒரே ஒரு கோப்பு. நாற்பது வரி. அமைப்புக் கோப்பில் மனிதர்களுக்காக எழுதியிருக்கும் குறிப்புகளைத் தள்ளிவிட்டுப் படிக்கிற பகுதி. அதன் தலையில் ‘நன்றி: பிக்கோ’ என்று மட்டும் இருந்தது. பிக்கோ யார், உரிமம் என்ன, எதுவும் இல்லை.

“நாப்பது வரிதானே பினு,” என்றாள் போனில்.

பின்னால் அத்தான் தொண்டையைச் செருமினார். “ஒரு பேப்பர்தானே மேடம், நாளைக்குக் கொண்டுவரேன் மேடம்.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் தோசைக் கரண்டியை எடுத்து ஒளித்து வைத்தேன்.

லைப்ரரியை முதலில் எழுதியவருக்கு பிக்கோவைப் பற்றி ஒன்றும் நினைவில்லை. சுபாஷிணி பழைய மடலாடல்களைத் தோண்டினாள். பிக்கோவுக்கு நன்றி சொன்னவர்கள், அவனோடு சண்டை போட்டவர்கள் என்று ஆறு பேருக்கு எழுதினாள். ‘இவர் யார், எந்த ஊர், உங்களுக்கு எப்படிப் பழக்கம்?’ ஒருவர் இது போலீஸ் விசாரணையா என்று கேட்டார். இன்னொருவர் முகவரி தந்தார். பிக்கோவின் பெயர் டானெல். எஸ்தோனியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பதினேழு வயதில் எழுதியதை மறந்தே போயிருந்தார். ‘எடுத்துக்கொள்ளுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்’ என்று பதில் போட்டார்.

“சேச்சி, இது மதி,” என்றான் பினு. “போதும். ஞான் இப்பவே ஏத்திடறேன்.”

“இது வேற மெயில் ஐடி. இந்த ஆளுதான் பிக்கோன்னு யார் சொன்னது?”

“அவர்தானே சொல்றார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. கவுண்டர்ல ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாரு.”

அந்த நாற்பது வரியை எந்தக் கணக்கிலிருந்து வெளியிட்டாரோ அதே கணக்கிலிருந்து எழுத வேண்டும் என்று டானெலுக்குப் பதில் போனது. அவர் கடவுச்சொல்லை மறந்திருந்தார். மீட்டெடுக்க நாலு நாள் ஆயிற்று. சனிக்கிழமை அந்தக் கணக்கிலிருந்தே ‘இது இலவசம்’ என்று எழுதினார். இலவசம் என்பது உரிமம் இல்லை, உரிமத்தின் பெயர் வேண்டும், முழுப் பெயரும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினாள். பதிலுக்கு ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது.

“பாவம்,” என்றார் அத்தான். “எங்கேயோ பஸ் ஓட்டிட்டு இருந்தவன் நம்ம வார்டுக்காரன் ஆயிட்டான்.”

ஞாயிறு மதியம் பினு மடிக்கணினியோடு வந்துவிட்டான். பக்கத்து வீட்டுத் தையல்காரி அம்பிளி மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் கொண்டுவந்தாள், வந்தவள் போகவில்லை. முந்தைய வாரம்தான் மகளின் பிறப்புச் சான்றிதழுக்குப் போய், படிவத்தில் வார்டு எண் எழுதவில்லை என்று திரும்பி வந்திருந்தாள். இணைத்திருந்த வீட்டு வரி ரசீதில் அந்த எண் இருந்தது. ‘ரசீதுல இருக்கறது ரசீதுல. ஃபாரத்துல எங்க?’ என்று சுபாஷிணி கேட்டதை எங்கள் சந்து முழுக்க நடித்துக் காட்டியிருந்தாள்.

சுபாஷிணி கப்பையைத் தொடவில்லை. நிமிஷத்துக்கொரு முறை மெயிலைப் பார்த்தாள்.

“அங்க இப்ப மணி என்ன?” என்று என்னைக் கேட்டாள். ஊர் சுற்றியதில் அவளுக்கு நான் பயன்பட்ட ஒரே இடம் இதுதான்.

“காலைல பத்து. ஞாயித்துக்கிழமை. தூங்கிட்டு இருப்பார்.”

“அன்னிக்கே மதின்னு சொன்னேன்,” என்றான் பினு மெதுவாக. அவள் தாலிச் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு டானெலின் பதில் வந்தது. சரியான கணக்கு. முழுப் பெயர். உரிமத்தின் பெயர். கடைசியில், ‘இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, அம்மையாரே?’

சுபாஷிணி இரண்டு முறை படித்தாள்.

“வருஷம் போடல,” என்றாள்.

எழுதிய வருஷம் இல்லாமல் உரிமைக் குறிப்பு முழுமையாகாது என்று பினுவுக்கும் தெரியும். அவன் கூரையைப் பார்த்தான். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து.

“எழுதிக் கேளு அக்கா,” என்றேன்.

அவள் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. பிறகு அந்த நாற்பது வரியின் பழைய பக்கத்தைத் திறந்தாள். வெளியிட்ட தேதி ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

“அங்கேயே வருஷம் இருக்கு,” என்றாள் யாரையும் பார்க்காமல். “அதையே எடுத்துக்கலாம்.”

“அப்ப ரசீதுல இருக்கறது?” என்றாள் அம்பிளி.

“நீ சும்மா இரு.”

ஐந்து இருபதுக்குப் பினு ஏற்றினான். சிறிது நேரத்தில் ஏற்றுக்கொண்டதற்கான மடல் வந்தது. பராமரிப்பவர்: சுபாஷிணி அஜீஷ். அந்த வரியை அவள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். பிழை எதுவும் இல்லை. “சாயா யாருக்கெல்லாம் வேணும்?” என்று எழுந்தாள். அன்று சாயாவில் சர்க்கரை இல்லை. எல்லோரும் அப்படியே குடித்தோம்.

மறுநாள் நான் இரண்டாவது நகலோடு கவுண்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் அம்பிளி நின்றிருந்தாள். படிவத்தை உள்ளே தள்ளினாள். வார்டு எண் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. வேண்டுமென்றேதான்.

“ரசீதுல இருக்கு சேச்சி,” என்றாள். “அங்கேருந்து எடுத்துக்கலாம்.”

வரிசை முழுக்கக் காது கொடுத்தது. சுபாஷிணி படிவத்தைப் பார்த்தாள், ரசீதைப் பார்த்தாள், அம்பிளியைப் பார்த்தாள். படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் திருப்பித் தள்ளினாள். பிறகு டப்பாவிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அதன் பின்னாலேயே தள்ளினாள்.

“இங்கேயே எழுது,” என்றாள். “பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போ.”