பெயர் அழிந்த சிப்பிகள்

குப்பிமேல் பேனாவால் எழுதினால் ஸ்பிரிட்டில் அழியாது என்று நம்பிய மேதை நான். மடியில் ஒரு பெட்டி; அதில் குப்பி குப்பியாக ஸ்பிரிட்டில் ஊறும், ஒரு தீவிலிருந்து கொண்டுவந்த ராட்சதச் சிப்பிகளின் சதைத் துணுக்குகள். பாதி கடலில் பிறந்தவை, பாதி பண்ணையில். பண்ணைச் சிப்பிகள் ஒரே குடும்பமாகச் சுருங்கிவிட்டனவா என்று மரபணுவை ஒப்பிட வேண்டும்.

அடையாறு சிக்னலில் ஆட்டோ குலுங்கி நிற்கிறது. பெட்டி ஒழுகுகிறது. திறந்தால் ஒரு குப்பியிலும் எழுத்தில்லை. வாசனையில் சொந்த ஊர் தெரிந்துவிடும் என்பதுபோல் ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறேன்.

"இன்னா சார், சரக்கு ஊத்திக்கிச்சா?" என்கிறார் ஓட்டுநர்.

"சிப்பிக்கறி நைனா. எது கடல், எது பண்ணைன்னு எழுதினது அழிஞ்சிபோச்சு."

"மறுபடி போய் எட்த்துக்கினு வா சார்."

"கடல் சூடாகி அங்க எல்லாம் செத்துப்போச்சு."

பச்சை விழுகிறது; அவர் வண்டியைக் கிளப்புகிறார்.

ஆய்வகத்தில், எது எங்கே பிறந்தது என்று எழுதாத குப்பிகளை வாங்கிக்கொள்ள மறுத்துவிடுகிறார்கள்.