சுவருக்குள் ஜல்லி

அப்பா காது மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டார். டப்பாவைக் கொண்டுவந்து என் கைப்பையின் மேல் வைத்தார். "திருப்பிக் குடுத்துடும்மா. எனக்கு வேணாம்."

அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லித்தான் மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். ஒத்துவரவில்லை என்றால் சனிக்கிழமைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். முப்பது வருஷம் அச்சகத்தில் மெஷின் பக்கத்திலேயே நின்றதில் அப்பாவின் காது போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். பாட்டு எந்தப் பக்கம் என்று அடுத்தவர் புத்தகத்தை எட்டிப் பார்ப்பார். வீட்டில் அம்மா மட்டும் அவரிடம் பேசுவதை நிறுத்தவில்லை. காலையில் தோசைக்கல்லைப் பார்த்தபடியே "சட்னியா, பொடியா?" என்று கேட்பாள். பதில் வராது. அவளே ஒன்றை முடிவு செய்து தட்டில் வைத்துவிடுவாள். மூன்று நான்கு வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. இந்த மெஷினைப் போட வைக்க நான் அவரிடம் கெஞ்சிய கெஞ்சல் கொஞ்சமல்ல.

அவர் சொன்ன குறை ஒன்றுதான்: "யாரோ சுவருக்குள்ள ஜல்லி கொட்டற மாதிரி இருக்கு." இரண்டு முறை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ச் சத்தத்தைக் குறைத்து வைத்தோம். ஜல்லி நிற்கவில்லை. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "சனிக்கிழமை வரைக்கும் போடுங்க டாடி, அப்புறம் நானே திருப்பிக் குடுக்கறேன்" என்று காதருகே கத்திவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

புதன்கிழமை காலையில் கரண்ட் போயிற்று. காக்ஸ் டவுனில் எங்கள் தெரு முழுக்கவே இல்லை. எனக்காக மெஷினை மாட்டிக்கொண்டு ஹாலில் பேப்பர் படிக்க உட்கார்ந்த அப்பா, எட்டு மணி வரை அதைக் கழற்றவே இல்லை. அப்புறம் கரண்ட் வந்தது. அம்மா தன் குளியலுக்குக் கீசரைப் போட்டாள். பத்தே நிமிஷத்தில் அப்பா முகம் சுளித்து மெஷினைப் பிடுங்கி எடுத்தார். செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். குறை மெஷினில் இல்லை. கரண்ட் வந்ததும் ஓட ஆரம்பித்த ஏதோ ஒன்று எங்கள் வீட்டில்தான் சத்தம் போடுகிறது.

அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று கேட்காதீர்கள். மனம் முழுக்க ஃபிரிட்ஜ், ஃபேன், கீசர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஃபிரிட்ஜையும் ஃபேனையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். காதில் மெஷினோடு உட்கார்ந்திருந்த அப்பா அசையவில்லை. மிச்சம் கீசர்தான். ஹாலில் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் இருப்பது குளியலறைச் சுவர், அந்தப் பக்கம் அதே இடத்தில்தான் கீசர் மாட்டியிருக்கிறது.

வியாழக்கிழமை விடிந்ததும் மெஷினை மாட்டி அப்பாவை அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். "ஆஸ்பத்திரியில காது டெஸ்ட்ல பண்ணீங்கல்ல டாடி, அதே மாதிரி சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க." கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்ச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம், ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஒரு கடகடப்பு ஆரம்பித்தது. வெளியே ஓடிவந்து பார்த்தால் அப்பாவின் கை ஏற்கெனவே மேலே இருந்தது. என்னைவிட முன்னால் அவருக்குக் கேட்டிருக்கிறது.

அந்தக் கடகடப்பு எனக்குப் புதிதே அல்ல. தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் பல் தேய்க்கிறேன். கேட்டுக் கேட்டு எங்கள் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. வீட்டிலேயே நல்ல காது உள்ள மனுஷனைத்தான் இரண்டு வாரமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷம்தான் அதிகம். சமையலறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டேன். காலையிலேயே என்னடி ஆச்சு உனக்கு என்றாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கெமிஸ்ட்ரி டீச்சர். கடினத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு படியும் என்று பதினோரு வருஷமாகப் போர்டில் எழுதிப் போடுகிறேன். எங்கள் வீட்டிலோ காவேரித் தண்ணீர் சமையலுக்கு மட்டும். ஒரு சொட்டு குளியலறைக்குப் போக அம்மா விடமாட்டாள். குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர். அந்தப் போர் தண்ணீர் ஒன்பது வருஷமாக என் தலைக்கு மேலேயே கீசரில் கொதித்துக்கொண்டிருக்கிறது, நான் போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஒக்கலிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர், கீசரை ஒரு தட்டு தட்டினார். "பழசுக்கா. தொறந்து சும்னே டைம் வேஸ்ட். புதுசு மாட்டிடுங்க."

"தொறங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குப் பாக்கணும்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். மெயினை அணைத்தார். கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டார். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு அடிமூடியைக் கழற்றினார். ஐந்து நட்டில் நான்கு சமத்தாக வந்தன. ஐந்தாவது அரைமணி நேரம் அடம்பிடித்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு அதையும் எடுத்தார். ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் வெளியே வர மறுத்தது. அதன் மேல் சுண்ணாம்பு படிந்து மரவள்ளிக்கிழங்கு கனத்துக்குப் பருத்துப்போயிருந்தது. அவர் திருகித் திருகி இழுத்தார். நான் கீழே பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காயில் வந்தது. கூடவே கடகடவென்று கல்லும் வந்தது. வெள்ளை வெள்ளையாகக் கல், பொடிக்கல், சில்லுக்கல், பக்கெட்டில் பாதி. அப்பா இத்தனை நாள் சொன்ன ஜல்லி என் கையில் கனத்தது.

"டாடி, இங்க பாருங்க" என்று பக்கெட்டோடு ஹாலுக்கு ஓடினேன். அப்பா ஒரு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே" என்றார், அவ்வளவுதான். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கல்லை டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது. இந்தப் படிவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் கொதித்துக் குமிழியாக வெடிக்கிறது, அந்தச் சத்தம்தான் இது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். எலெக்ட்ரீஷியனும் வேலையை விட்டுவிட்டு வந்து டம்ளரை எட்டிப் பார்த்தார். "இதைத்தான் தினம் தலையில ஊத்திக்கறோமா?" என்றாள் அம்மா.

தொட்டிக்குள் கைவிட்டுச் சுரண்டினோம். வினிகர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினோம். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ள உள்ளே வைத்திருந்த மெக்னீசியக் கம்பி கரைந்து ஊசியாகியிருந்தது. அதற்குப் பதிலாகப் புதுக் கம்பி, புதுக் காயில், புது ரப்பர் வளையம். குழாயில் தண்ணீர் சீராக விழும் வரை தொட்டியை நிரப்பிய பிறகுதான் சுவிட்சைத் தொடவிட்டார். "ஆய்த்துக்கா, முடிஞ்சுது" என்று கைகழுவினார்.

சத்தமில்லை. ஆனால் என் காதை நான் நம்பவில்லை. ஒன்பது வருஷம் ஏமாற்றிய காது அது.

சனிக்கிழமை காலை. மருத்துவமனை டப்பாவையும் சீட்டையும் மேசைமேல் எடுத்து வைத்தாயிற்று. அப்பா மெஷினை மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். "அதே மாதிரிதான் டாடி, கேட்டா கையைத் தூக்குங்க." சுவிட்சைப் போட்டேன். சமையலறையில் அம்மா தோசைக்கு மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம். எட்டு. பத்து. பன்னிரண்டாவது நிமிஷம் எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது.

அப்பா கையைத் தூக்கினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. "கேக்குதா டாடி? அதே சத்தமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தார்.

"பொடியே போதும்" என்றார். "நல்லெண்ணெய் ஊத்திக் குடு."

உள்ளே போய்ப் பார்த்தேன். அம்மா தோசைத் திருப்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

"அவருக்குக் கேட்டுச்சாடி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் அப்பா ஹாலிலிருந்து.

அம்மா அடுப்பை அணைத்தாள். நான் நிற்பதையே மறந்துவிட்டு ஹாலுக்குப் போய், "என்னங்க" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.